கூலி பாக்கி

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஐந்து ரதம் வாசலில் ஒரு பையன் வந்து நின்றான். இருபத்தைந்து வயது இருக்கும். கையில் கேமரா மாட்டிய கம்பு, கூட இரண்டு நண்பர்கள். "அண்ணா, இதெல்லாம் லேசர்ல வெட்டினதாமே, அதப் பத்தி சொல்வீங்களா, இல்ல வழக்கமான ராஜா கதைதானா?" என்றான். சாதா தோசையா ஸ்பெஷல் தோசையா என்று கேட்பது போல இருந்தது. இருபத்திரண்டு வருடமாக மாமல்லபுரத்தில் கைடு வேலை பார்க்கிறேன். பாண்டவர் கட்டியது என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், பூதங்கள் ஒரே ராத்திரியில் செய்தது என்றவர்களையும். லேசர் இப்போது நான்கைந்து வருடமாகத்தான், யூட்யூப் புண்ணியத்தில். சரி வா தம்பி என்று கூட்டிப் போனேன். எங்கே போனோம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் அப்பா சிற்பப் பட்டறைத் தொழிலாளி. விநாயகர், புத்தர், தோட்டத்தில் வைக்கும் கல் விளக்கு, எது ஆர்டர் வருகிறதோ அது. பதினான்கு வயதில் என்னையும் உட்கார வைத்தார். ஆறு மாதத்தில் இடது கட்டைவிரல் நகம் மூன்று முறை போனது. எனக்குக் கை வரவில்லை, வாய் வந்தது. கடற்கரைக் கோயில் பக்கம் பாசிமாலையும் போஸ்ட்கார்டும் விற்றுக்கொண்டே, கேட்டுக் கேட்டு பிரெஞ்சு பழகினேன். பேரம் பேசிப் பழகிய பாஷை என்பதால் இன்றைக்கும் என் பிரெஞ்சில் எண்கள் சுத்தம், இலக்கணம் மோசம்.

2003இல் ஒரு மூத்த கைடு என்னைச் சேர்த்துக்கொண்டார். ஊரில் எல்லாரும் அவரை வாத்தியார் என்பார்கள். பயிற்சி, பரீட்சை, கழுத்தில் தொங்கும் அட்டை எல்லாம் பிற்பாடு வந்தவை. தொழிலைக் கற்றுக்கொண்டது அவரிடம். அவருடைய முதல் பாடம்: "பார்ட்டிக்கு வேண்டியது தகவல் இல்லப்பா, கதை." வடக்கிலிருந்து வந்தால் பாண்டவர் வனவாசம். வெள்ளைக்காரர்கள் வந்தால் கடலில் முழுகிய ஆறு கோயில். நம்மூர்க்காரர்கள் என்றால் பல்லவன் பெருமை, கொஞ்சம் குரலை உயர்த்தி. இரண்டாவது பாடம் நிழல். எந்த மணிக்கு எந்தக் கல்லில் நிழல் விழும் என்று தெரியாதவன் கைடே இல்லை. அர்ச்சுனன் தபசு கிழக்கே பார்த்த பாறை, காலையில் வெயில் முகத்தில் அடிக்கும், சிற்பம் துலங்கும், படம் எடுக்க நல்லது. ஆனால் சித்திரை மாதத்தில் அங்கே பத்து நிமிடத்துக்கு மேல் பேசினால் பார்ட்டி உங்களை வெறுக்கும். மத்தியானத்துக்கு மேல் பாறையே நிழலாகிவிடும், அப்போது எவ்வளவு வேண்டுமானாலும் அளக்கலாம்.

நானும் அளந்தேன். வெண்ணெய் உருண்டைப் பாறை வருடத்துக்கு ஓர் அங்குலம் நகர்கிறது என்று 2004 வாக்கில் நானே ஒரு கதை கட்டினேன். சும்மா, ஒரு ஸ்பானிஷ் தம்பதிக்காக, அவர்கள் முகம் வாடியிருந்தது. இருநூற்றைம்பது டன் என்கிறார்கள் அந்தக் கல்லை, சரிவில் நிற்கிறது, 1908இல் கவர்னர் லாலி ஏழு யானை கட்டி இழுக்கச் சொல்லியும் அசையவில்லை என்று ஊர்க்கதை. இத்தனையும் போதாது என்று நினைத்தேன் பாருங்கள், அதுதான் கைடு புத்தி. ஒரு வருடம் கழித்து என் பார்ட்டியில் இருந்த ஒருவரே எனக்கு அதைச் சொன்னார், "இது வருஷத்துக்கு ஒரு அங்குலம் நகருதாம், தெரியுமா?" எங்கேயோ படித்தாராம். நான் ஆச்சரியப்பட்டது போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

உண்மையில் இந்த ஊரில் பேரே பாதி பொய். ஐந்து ரதம் ரதமும் இல்லை, பாண்டவருக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை. கோயில்களாகச் செதுக்க ஆரம்பித்தவை, முடியவில்லை, அதனால் பூசையும் நடக்கவில்லை. பிற்பாடு எப்போதோ யாரோ பெரியதற்குத் தருமராஜா, குடிசை மாதிரி இருப்பதற்குத் திரௌபதி என்று பேர் வைத்துவிட்டார்கள். அண்ணன் தம்பி வரிசையில் ஒரு குடும்பம் குடியிருப்பது போல அமைந்துவிட்டது, யார்தான் மாற்றுவார்கள். பீமன் ரதத்துக்கு அவ்வளவு நீளமான கூரை ஏன் என்றால் பீமன் நீளமாகப் படுப்பான் என்பது வாத்தியார் விளக்கம். கூட்டம் சிரிக்கும், நகரும்.

கமிஷன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏதோ உத்தமன் மாதிரி ஆகிவிடும். பார்ட்டியைச் சிற்பக் கடைக்குக் கூட்டிப் போனால் கைடுக்கு ஒரு பங்கு, டிரைவருக்கு ஒரு பங்கு. இது ரகசியமே இல்லை. சீசனில் மூன்று மாதம் கையில் காசு புரளும், மிச்சம் ஒன்பது மாதம் புரளாது, கமிஷன்தான் அரிசி. தபசுப் பாறையில், யானைக்குப் பக்கத்தில், ஒரு பூனை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பின்னங்காலில் நிற்கும். மேலே தவம் செய்கிற ஆளை அப்படியே காப்பியடித்த பொய்த்தவம். எலிகள் நம்பிச் சுற்றி நிற்கும். அதைக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டு, "சரி, இப்ப நம்ம ஊர்க் கலைஞர்கள் வேலையை நேர்ல பாக்கலாமா?" என்பேன். பல வருடம் கழித்துத்தான் ஒருநாள் அந்த வாக்கியத்தைச் சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. சுனாமி. நான் ஊருக்குள் இருந்தேன், தப்பித்தேன். கடற்கரையில் நின்றவர்கள் கடல் உள்வாங்கியபோது கல் வரிசை தெரிந்தது என்றார்கள். மணல் அரித்துப் போனதில் சாளுவன்குப்பம் பக்கம் கல்வெட்டுள்ள ஒரு பாறை தலைகாட்ட, அதைப் பிடித்துக்கொண்டு 2005இல் தொல்லியல் துறை தோண்டியது. பல்லவர் காலத்து முருகன் கோயில், அதற்கும் அடியில் இன்னும் பழைய செங்கல் கோயில், முன்னால் கல்லில் ஒரு வேல். இன்றைக்கு அங்கே போனால் அடித்தளம்தான் மிச்சம், பார்ட்டிகளுக்குப் பிடிப்பதில்லை. அவர்களுக்குக் கடலுக்குள் இருப்பதுதான் வேண்டும். ஆனால் அப்போது பார்ட்டியே இல்லை. அந்த சீசன் செத்தது. கடைகள் மூடிக் கிடந்தன, அப்பாவுக்கும் வேலை இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பிரெஞ்சுக்காரர் வந்தார். அவரே சிற்பி, வயதானவர், தனி ஆள். இரண்டு நாள் சுற்றிவிட்டு, "உன் கதை நன்றாக இருக்கிறது, ஆனால் நான் கல் வேலை செய்கிற ஒருவருடன் இதைப் பார்க்க வேண்டும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் காசு. அப்பாவைக் கூட்டி வந்தேன்.

ஐம்பது வருடம் அந்த ஊரில் இருந்தவர், வேலி போட்டு டிக்கெட் வைத்த பிறகு உள்ளே போனதே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகப் பீமன் ரதத்துக்கு அடியில் போய்க் குந்திவிட்டார். கூரை, கூடு, சிங்கத்தூண் எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கீழே, செதுக்காமல் விட்ட கரடுமுரடான இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். அங்கே நான் என்றைக்குமே பார்ட்டியை நிறுத்தியதில்லை. அசிங்கமாக இருக்கும், படத்தில் வரக்கூடாது என்று இரண்டடி தள்ளி நிற்கச் சொல்வேன்.

"மேலேர்ந்து எறங்கியிருக்கான்டா" என்றார். "சாரம் வேணாம் பாரு. பாறை மேல ஏறி நின்னு வேலையை ஆரம்பிச்சா, செதுக்கச் செதுக்க அவனே கீழ எறங்கிடுவான்." நான் மொழிபெயர்த்தேன். ராஜாக்கள் பேரையே சொல்லிக்கொண்டிருந்தவன் முதல்முறையாக வேலை செய்தவனைப் பற்றிப் பேசினேன், அதுவும் வேறொருவர் வாயிலிருந்து வாங்கி. அப்புறம் மலைமேல் பாதியில் நின்ற ஒரு குடைவரைக்குப் போனோம். பாறை முகத்தில் சதுரம் சதுரமாகக் கட்டம் போட்டு, கட்டத்தைச் சுற்றி வாய்க்கால் மாதிரி உளியால் இறக்கியிருக்கும். நடுவில் நிற்கிற துண்டைத் தட்டி எடுத்துவிட்டு, மறுபடி கட்டம், மறுபடி வாய்க்கால், அப்படியே உள்ளே போக வேண்டியது. எத்தனையோ முறை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தேன், சத்தியமாக.

அப்பா கட்டங்களைப் பார்த்தே யார் பழகிய கை, யார் கத்துக்குட்டி என்று சொல்லிக்கொண்டு போனார். ஓரிடத்தில் உளித்தடம் சாய்ந்திருக்கும் பக்கத்தைக் காட்டி, "இவன் இடது கைக்காரன்" என்றார். நிஜமா, அளக்கிறாரா, எனக்குத் தெரியாது. என் அப்பாதானே. பிரெஞ்சுக்காரர் அதே கோணத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இரண்டு பேரும் ஆளுக்கொரு வார்த்தை கூட மற்றவர் பாஷையில் தெரியாமல், என்னை விட்டுவிட்டுக் கையாலேயே பேச ஆரம்பித்தார்கள். நான் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் அவர் கேட்டார், ஏன் முடிக்காமல் விட்டார்கள் என்று. இதற்கு என்னிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் இறந்தான், அடுத்து வந்தவர்களுக்குச் சண்டை, பிறகு ராஜசிம்மன் காலத்தில் குடைவதை விட்டுக் கல் அடுக்கிக் கட்டும் முறை வந்துவிட்டது, கடற்கரைக் கோயில் அப்படிக் கட்டியதுதான், ஆகவே பழைய வேலை கைவிடப்பட்டது. நல்ல பதில், தப்பும் சொல்ல முடியாது. அப்பாவிடமும் கேள் என்றார். கேட்டேன்.

அப்பா யோசிக்கவே இல்லை. "கூலி பாக்கி வெச்சிருப்பான்."

நான் மொழிபெயர்த்ததும் அந்த மனிதர் சிரித்துச் சிரித்து அங்கேயே பாறையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பாதி தீபாவளி பாக்கி வசூல் ஆன பிறகுதான் வந்திருக்கிறது.

அதற்கப்புறம் மெதுவாக என் பாதை மாறியது. ஊருக்கு மேற்கே பிடாரி ரதம் இரண்டு, வலையன்குட்டை ரதம் ஒன்று இருக்கின்றன. டிக்கெட் கிடையாது, கூட்டம் கிடையாது, ஆடு மேயும். மூன்றுமே மேல் பாதி கோயில், கீழ் பாதி வெறும் பாறை. அவசரமில்லாத பார்ட்டியாக இருந்தால் முதலில் அங்கேதான் கூட்டிப் போகிறேன். முடிக்காததைப் பார்த்துவிட்டு வந்து முடித்ததைப் பார்த்தால் கண் வேறு மாதிரி பார்க்கிறது. டிரைவர்களுக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. அந்தப் பக்கம் கடை இல்லை. "அண்ணே, நேரா பஜார் பக்கம் வுட்டிருக்கலாம்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். ஒரு ஏஜென்ட் என்னைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார். கமிஷனை முழுசாக விட்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். பார்ட்டி வாயைத் திறந்து கேட்டால் பட்டறைக்குக் கூட்டிப் போகிறேன், நானாக இழுத்துப் போவதில்லை. அவ்வளவுதான்.

கதையையும் விட்டுவிடவில்லை. தபசுப் பாறையில் இப்போது ஓட்டெடுப்பு நடத்துகிறேன். கை தூக்கி நிற்பவன் சிவனிடம் பாசுபத அஸ்திரம் கேட்கிற அர்ச்சுனனா, கங்கையைக் கொண்டுவரும் பகீரதனா? நடுவில் இருக்கும் பிளவில் நாகர்கள் மேலே ஏறுகிறார்கள், உச்சியில் தண்ணீர் தேக்கிவிடத் தொட்டி இருந்த தடம் உண்டு, அதனால் கங்கைதான் என்பது ஒரு கட்சி. பக்கத்திலேயே சிவன் வரம் கொடுக்கிற கையோடு நிற்கிறார், ஆகவே அர்ச்சுனன் என்பது இன்னொரு கட்சி. வங்காளிக் குடும்பங்கள் பெரும்பாலும் கங்கைக்குப் போடுவார்கள், டெல்லிக்காரர்கள் அர்ச்சுனனுக்கு. பிரெஞ்சுக்காரர்கள் இரண்டுக்கும் போடாமல், கீழே பின்னங்காலால் மூக்கைச் சொறிகிற மானைக் காட்டி இதை முதலில் சொல் என்பார்கள். அந்த மான் விஷயத்தில் நான் அவர்கள் கட்சி.

தமிழ்நாட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வந்தால்தான் கஷ்டம். ஒருமுறை ஒரு தலைமையாசிரியர் தருமராஜ ரதத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். மாமல்லன் செய்தது என்று நான் சொன்னதும், "1962லேயே தொல்லியல் அறிஞர் நாகசாமி எல்லாமே ராஜசிம்மன்னு எழுதிட்டாரே, படிச்சிருக்கியா?" என்றார். அப்போது நான் படிக்கவில்லை. மேல் தளத்தில் அத்யந்தகாம பல்லவேஸ்வர கிருகம் என்று எழுத்து இருக்கிறது, அத்யந்தகாமன் என்ற அந்தப் பட்டம் எந்த ராஜாவுடையது என்பதில்தான் சண்டையே. வெயிலில் நின்று அவரும் அவர் சகலையும் முக்கால் மணி நேரம் வாதாடினார்கள். நான் நிழலுக்குப் போய்விட்டேன். கைடு பணத்தைக் குறையாமல் கொடுத்தார், அது வேறு விஷயம்.

இடையில் பெரிய ஆட்களும் வந்தார்கள். 2019 அக்டோபர் 11 அன்று வேட்டி சட்டையில் பிரதமர் மோடி சீன அதிபர் ஷி ஜின்பிங்குக்கு ஊரைச் சுற்றிக் காட்டினார். அன்றைக்கு அவர்தான் கைடு, நாங்கள் வீட்டில் டிவியில் பார்த்தோம். ஊர் பளபளவென்று ஆனது. அதுவரை சும்மா ஏறிச் சறுக்கி விளையாடிய வெண்ணெய் உருண்டைக்கு அதே மாதம் டிக்கெட் வந்தது. இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டாருக்கு 600 என்று டிக்கெட் விலை சொல்லும்போது வெள்ளைக்காரர்கள் முகம் போகிற போக்கைச் சமாளிப்பதும் எங்கள் வேலையில் சேர்த்தி. ஐந்தே மாதத்தில் கொரோனா வந்து எல்லாம் மூடிக்கொண்டது. அந்த மாதங்களில் அப்பாவின் பழைய பட்டறையில் கிரைண்டர் பிடித்து மெருகு போட்டேன். இப்போது பட்டறையில் உளிச்சத்தத்தைவிட மெஷின் சத்தம்தான் அதிகம். கல் மாவு தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும், மாலையில் பேச வராது. வாய் வைத்துப் பிழைக்கிறவனுக்கு அது நல்ல தண்டனை.

அந்தக் காலத்தில்தான் ஒரு வேடிக்கை. 2021-22இல் தாஜ்மகாலுக்குப் போன வெளிநாட்டார் 38,922 பேர், மாமல்லபுரத்துக்கு வந்தவர்கள் 1,44,984 பேர் என்று மத்திய அரசின் புள்ளிவிவரம் வந்தது. பேப்பரில் போட்டார்கள், சொந்தக்காரர்கள் போன் செய்து வாழ்த்தினார்கள், நீ ரொம்ப பிஸியா இருப்பே என்று. நான் அன்றைக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தேன். என் கண்ணில் பட்டவர்கள் சென்னையைச் சுற்றிக் கம்பெனிகளில் வேலை பார்க்கிற கொரியர்களும் மற்றவர்களும். குடும்பத்தோடு காரில் வருவார்கள், கடலைப் பார்ப்பார்கள், மீன் சாப்பிடுவார்கள், போவார்கள். மூன்றாவது முறையாக வருகிறவருக்குக் கைடு எதற்கு?

சரி, லேசர் பையன். அவனையும் பிடாரி ரதத்துக்குத்தான் கூட்டிப் போனேன். கம்பை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டே வந்தான். கீழ்ப்பாதியில் உளித்தடங்களைக் காட்டி, ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்காமல் விரலைப் பக்கத்தில் வைத்து அளக்கச் சொன்னேன், ஒன்று போல் ஒன்று இல்லை. அப்புறம் கேட்டேன், "தம்பி, லேசர் இருந்துதுன்னா எதுக்குப் பாதில நிறுத்தணும்?"

கொஞ்சம் யோசித்தான். "கரண்ட் போயிருக்கும்ணா" என்றான்.

அவன் நண்பர்கள் மட்டுமில்லை, நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இருபத்திரண்டு வருடத்தில் அப்பா சொன்னதற்கு அடுத்தபடியாக எனக்குப் பிடித்த பதில் இதுதான். பேசிய பணத்தை அங்கேயே போனில் அனுப்பினான், ஐம்பது ரூபாய் கூடச் சேர்த்து. வீடியோவில் கரண்ட் போன பகுதியை வைப்பானா, வெட்டிவிடுவானா தெரியவில்லை.

அன்றைக்கு மாலை ஒரு டிராவல்ஸுக்குப் போன் போட்டேன். ஜனவரியில் ஜெர்மன் குழு ஒன்று, ஆறு நாள் வேலை, இன்னும் பணம் வரவில்லை. அக்கவுண்ட்ஸ் பார்க்கிற பெண் லீவாம். போன மாதமும் லீவாம். அடுத்த வாரம் கண்டிப்பாகப் போட்டுவிடுவார்களாம், அப்புறம், நாளைக்கு ஒரு குழு காலை ஏழு மணிக்கு வருகிறதே, நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

அப்பா திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது அவருக்குக் கை நடுங்குகிறது, உளியைத் தொட்டு ஏழெட்டு வருடம் ஆகிறது.

"நாளைக்கும் போறியா?" என்றார்.

"போறேன்பா."

"அப்ப தரமாட்டான்."